நம்பி வண்டியில் பூட்டக்கூடிய குதிரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜட்கா, சுற்றுலா சாரட், கல்யாண ஊர்வலம், மலைவாசஸ்தலச் சவாரி, கடற்கரைச் சவாரி என்று தினமும் வேலை செய்யும் குதிரையை வாங்குகிறவர்களுக்கும் வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். பந்தயக் குதிரையும் கண்காட்சிக் குதிரையும் வேறு உலகம், அவற்றை இங்கே தொடவில்லை.

நம்பகமான வேலைக்குதிரை என்றால் என்ன? எல்லாக் குதிரையும் வண்டி இழுக்காதா?

இழுக்கும், நல்ல நாளில். காலை ஆறு மணிக்கு, ஆளில்லாத சாலையில், வயிறு நிறைந்திருக்கும்போது கிட்டத்தட்ட எந்தக் குதிரையும் வண்டியோடு நடந்துவிடும். பின்னால் வந்த பஸ் காதுக்குள்ளேயே ஏர்ஹாரன் அடிக்கும்போதும், பக்கத்தில் திடீரென்று தவில் முழங்கும்போதும், காற்றில் வந்த பாலிதீன் பை பின்னங்காலில் சுற்றிக்கொள்ளும்போதும், ஓடும் வண்டியில் ஒரு வார் அறுந்து தொங்கி வயிற்றில் அடிக்கும்போதும் என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அப்போது நின்று, காதைத் திருப்பி, ஓட்டுபவர் குரலுக்காகக் காத்திருக்கிற குதிரைதான் நாங்கள் சொல்லும் குதிரை.

அதோடு பூட்டும்போது அசையாமல் நிற்க வேண்டும். சொன்னதும் கிளம்ப வேண்டும், பிடித்ததும் நிற்க வேண்டும், பின்னால் தள்ளச் சொன்னால் வண்டியைப் பின்னால் தள்ள வேண்டும். கூட்டாளிக் குதிரையை விட்டுத் தனியாகப் போக வேண்டும், நான்கு கால்களையும் தூக்கிக் காட்ட வேண்டும். மறுநாளும் நொண்டாமல் அதே வேலைக்கு வர வேண்டும். இத்தனையும் ஒரே குதிரையில் சேர்வதுதான் அரிது.

ஏன் இவ்வளவு அரிது? சந்தைக்குப் போனால் குதிரைகள் நிறையத்தானே நிற்கின்றன?

நிற்கின்றன. ஆனால் மொத்த எண்ணிக்கையே சரிந்துவிட்டது. இந்தியாவில் 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 6.25 லட்சம் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருந்தன. 2019-இல் அது சுமார் 3.4 லட்சம். வேலைக்கென்று வளர்ப்பது குறைந்தபோது, வேலைக்குணம் பார்த்து இனம் சேர்ப்பதும் குறைந்தது. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதக் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் குதிரைச் சந்தையில் எந்தக் குதிரையைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது என்று பாருங்கள். உயரமானது, வெள்ளை வெளேரென்று இருப்பது, மேளத்துக்கு ஆடுவது. அமைதியாகத் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும் பழுப்புக் குதிரையை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. வளர்ப்பவரும் எது விலை போகிறதோ அதையே வளர்ப்பார்.

அடுத்த காரணம் காலம். குட்டி பிறந்து, முதிர்ந்து, பழகி, நெரிசல் சாலையில் நம்பி விடும் நிலைக்கு வர ஐந்தாறு வருடம் ஆகும். அத்தனை வருடமும் வரவில்லாமல் தீனி போட இன்று யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. மூன்று வயதிலேயே பூட்டி விடுகிறார்கள், அதில் பாதி மூட்டுக் கெட்டோ மனம் கெட்டோ போகிறது.

கடைசியாக, நல்ல வேலைக்குதிரை சந்தைக்கே வராது. அதை வைத்திருப்பவருக்கு அதுதான் பிழைப்பு. ஆள் இறந்தாலோ, தொழிலை விட்டாலோதான் கை மாறும், அதுவும் பெரும்பாலும் பக்கத்து லாயத்துக்கே போய்விடும்.

இது இந்தக் காலத்துப் பிரச்சினையா?

இல்லை. தமிழ்நாட்டில் குதிரை என்றுமே வரவழைத்த செல்வம்தான். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கீஷ், ஏடன் பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் இறங்குவதையும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போவதையும் எழுதி வைத்தார். பராமரிக்கத் தெரியாதது, தீனி ஒவ்வாதது என்று காரணமும் சொன்னார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு குதிரைக்கு 220 பொன் தினார் என்று விலை குறித்திருக்கிறார். கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவக் குதிரைகளுக்காக 1824-இல் ஓசூர் மத்திகிரியில் பண்ணை தொடங்கியது. அப்படியும் போதாமல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து மதராஸ் துறைமுகத்துக்குக் குதிரைகள் வந்து இறங்கின. ஊர்ப்பெயரை வைத்து அவற்றை ‘வேலர்’ என்றார்கள்.

அன்று குதிரைகளைக் கொன்ற காரணங்கள் பெரும்பாலும் இன்றும் அப்படியே இருக்கின்றன: ஒவ்வாத தீனி, கவனிக்காத குளம்பு, வெயில்.

எந்த இனம் வாங்கலாம்?

இனத்தைவிட உடலமைப்பும் குணமும் முக்கியம். ஜட்காவுக்கு 250 முதல் 300 கிலோ எடையுள்ள, குட்டையான முதுகும் அகன்ற மார்பும் கட்டையான கணுவும் கொண்ட நாட்டு மட்டக்குதிரையே போதும். தீனி குறைவு, வெயில் தாங்கும். சாரட்டுக்கும் பெரியவர்கள் ஏறும் சவாரிக்கும் கத்தியவாரி, மார்வாரி அல்லது இவற்றின் கலப்பு. இரண்டும் வறண்ட நாட்டு இனங்கள், குளம்பு உறுதியானது. ஆனால் ரத்தம் சூடானது, பழக்கியவர் யார் என்று பார்த்தே வாங்க வேண்டும்.

நுக்ரா என்னும் வெள்ளைக் குதிரைக்குத் தோல் இளஞ்சிவப்பு. நம் சித்திரை வெயிலில் மூக்கும் கண்ணோரமும் வெந்துவிடும். பிறக்கும்போது கருத்திருந்து வயதாக ஆக வெளுக்கும் குதிரை வேறு வகை. அதற்குத் தோல் கறுப்பாக இருக்கும், 15 வயதுக்கு மேல் வாலடியில் கருங்கட்டிகள் வர வாய்ப்பு மிக அதிகம். வாலைத் தூக்கிப் பார்க்காமல் அதை வாங்காதீர்கள்.

என்ன வயதில் வாங்குவது? பல்லைப் பார்த்து வயது சொல்ல முடியுமா?

முதல் குதிரை என்றால் 7 முதல் 12 வயது. வேலை தெரிந்திருக்கும், இன்னும் பல வருடம் உழைக்கும். நான்கு வயதுக் குதிரையின் ‘அமைதி’ பெரும்பாலும் இன்னும் எதையும் பார்க்காத அமைதி.

பல்லில் எட்டு வயது வரை ஓரளவு துல்லியமாகச் சொல்லலாம். முன் வெட்டுப்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயதிலும், அடுத்த ஜோடி மூன்றரையிலும், ஓர ஜோடி நாலரையிலும் விழுந்து முளைக்கும். ஐந்தில் வாய் நிறைந்துவிடும். அதன் பிறகு கீழ்ப்பற்களின் மேற்பரப்பில் உள்ள கறுப்புக் குழியைப் பாருங்கள். நடு ஜோடியில் ஆறு வயதிலும், அடுத்ததில் ஏழிலும், ஓரத்தில் எட்டிலும் தேய்ந்து மறையும். பத்து வயதை ஒட்டி மேல்தாடை ஓரப்பல்லில் ஈறுக்குப் பக்கத்தில் ஒரு பழுப்புக் கோடு தலைகாட்டும். 15-இல் பாதிப் பல்லுக்கு இறங்கும், 20-இல் பல் முழுக்க ஓடும். மணல் கலந்த புல் தின்ற குதிரைக்குப் பல் வேகமாகத் தேயும் என்பதால் ஓரிரு வருடம் முன்பின் ஆகலாம்.

விற்பவர் வீட்டில் என்ன வரிசையில் பார்க்க வேண்டும்?

இதற்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள், மறுநாள் காலையும் வேண்டும்.

முதலில், நாங்கள் வருவதற்கு முன் பூட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் குதிரையின் நெஞ்சிலும் முதுகிலும் கை வையுங்கள். வியர்வை காய்ந்த உப்புத்தடம் இருந்தால் காலையிலேயே ஓட்டிக் களைப்பாக்கி வைத்திருக்கிறார்கள். லாயத்தின் பின்சுவரில் உதைத்த தடம், கட்டுத்தறியில் பல் பதிந்த தடம் இருக்கிறதா பாருங்கள். மரத்தைப் பல்லால் பற்றிக் காற்றை விழுங்கும் பழக்கம் உள்ள குதிரை அடிக்கடி வயிற்றுவலியில் விழும்.

பிறகு உடல். தோள், முதுகு, வார் படும் இடம் எல்லாம் முடிக்கு எதிராகத் தடவுங்கள். பழுப்புக் குதிரையின் முதுகில் திட்டுத்திட்டாக வெள்ளை முடி முளைத்திருந்தால் அங்கே பழைய சேணப்புண் ஆறியிருக்கிறது. அங்கே அழுத்தும்போது முதுகைத் தாழ்த்தினால் இன்னும் ஆறவில்லை. முன்கால் முட்டியில் முடி கொட்டிய தழும்பு, விழுந்து எழுந்த குதிரைக்கு அடையாளம். இரண்டு கண்ணுக்கும் எதிரே தனித்தனியாகக் கையை மெதுவாக நீட்டுங்கள். காற்றடிக்கும்படி வீசினால் குருட்டுக் கண்ணும் இமைக்கும், ஏமாறாதீர்கள்.

அடுத்து நடை. கெட்டித் தரையில், கயிறு தளர்வாக, 30 மீட்டர் நேராக நடத்தி, பிறகு ஓட வைத்துப் பாருங்கள். முன்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். ஓசையையும் கேளுங்கள். நான்கு குளம்பும் ஒரே தாளத்தில் விழ வேண்டும்.

பிறகு விற்பவரையே பூட்டச் சொல்லி, ஓட்டச் சொல்லிப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் ஜாக்கிரதையாகிறார், யார் தலைக்கயிற்றைப் பிடிக்கிறார்கள், எந்தத் தெருவைத் தவிர்க்கிறார் என்பதெல்லாம் தகவல். அதன் பிறகு நீங்கள் ஓட்டுங்கள். வீட்டிலிருந்து விலகிப் போகும் திசையில் கிளம்புங்கள். எல்லாக் குதிரையும் வீட்டுப் பக்கம் நன்றாகத்தான் போகும். பாதி வழியில் பத்து நிமிடம் சும்மா நிறுத்துங்கள். பஸ் போகும் சாலை, விரித்த குடை, தரையில் கிடக்கும் தார்ப்பாய், குறுகிய பாலம், சின்ன ஏற்றம், பின்னால் தள்ளுவது எல்லாவற்றையும் பாருங்கள்.

திரும்பி வந்ததும் தாடை எலும்பின் அடிவிளிம்பில் விரலை வைத்து நாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் 28 முதல் 44 இருப்பது இயல்பு. ஓட்டத்துக்குப் பிறகு பத்து நிமிட ஓய்வில் 60-க்குக் கீழே வந்துவிட வேண்டும்.

மறுநாள் காலை சொல்லாமல் போய் லாயத்திலிருந்து வெளியே வரும் முதல் பத்து அடியைப் பாருங்கள். வலிமருந்து கொடுத்திருந்தாலும், முந்தைய நாள் உழைப்பு மூட்டைப் பிடித்திருந்தாலும் அந்தப் பத்து அடியில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

சந்தையில் நடக்கும் ஏமாற்று வேலைகள் என்னென்ன?

நரியைப் பரியாக்கிய கதை நம் ஊர்க் கதை. ராத்திரிக்குள் பரி நரியானதும் அதே கதைதான். வலிமருந்தால் நொண்டலை மறைப்பது, மயக்கமருந்தால் முரட்டுக் குதிரையைச் சாந்தமாக்குவது, தேய்ந்த பல்லில் குழி தோண்டிச் சுட்டுக் கறுப்பாக்கி வயதைக் குறைப்பது, சாயம் பூசித் தழும்பை மறைப்பது, ஒரு நாள் தண்ணீர் காட்டாமல் சோர வைப்பது ஆகியவை தெரிந்த வழிகள். சுட்ட குழியைச் சுற்றி இயற்கையான வெள்ளை எனாமல் வளையம் இருக்காது, அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். மயக்கமருந்து ஏறிய குதிரைக்குக் கீழுதடு தொங்கும். ஆண் குதிரையாக இருந்தால் குறி வெளியே தொங்கியபடியே இருக்கும். பெரிய தொகை கொடுப்பதாக இருந்தால் கால்நடை மருத்துவரை வைத்து ரத்தம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுக்கலாமா என்று கேட்டாலே சில பேரங்கள் முடிந்துவிடும்.

சுழி பார்க்க வேண்டுமா?

சுழி சுத்தமில்லை என்றால் விற்கும்போது விலை குறையும், அது உண்மை. ஆனால் சுழிக்கும் வண்டி இழுப்பதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. வேலை செய்யத்தான் வேண்டும், மறுபடி விற்கப் போவதில்லை என்றால், சுழிக்காக ஒதுக்கப்பட்ட நல்ல குதிரைதான் உங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

விலை நியாயமா என்று எப்படிக் கணக்குப் போடுவது?

வாங்கும் விலையை மட்டும் பார்க்காதீர்கள். நல்ல குதிரையும் கெட்ட குதிரையும் ஒரே தீனிதான் தின்னும், ஒரே லாடக்கூலிதான். எட்டு வயதில் வாங்கிய குதிரை 16 வரை வருடத்துக்கு 250 நாள் வேலைக்கு வந்தால் 2,000 வேலை நாள். பாதி விலைக்கு வாங்கியது நொண்டியும் மிரண்டும் வருடத்துக்கு 100 நாள்தான் வருகிறது, மூன்று வருடத்தில் கழிக்கிறீர்கள் என்றால் 300 நாள். கொடுத்த விலையை நாளால் வகுங்கள், வேலையில்லாத நாளின் தீனிச் செலவைக் கூட்டுங்கள். ஒரு தடவை மிரண்டு ஓடி வண்டி உடைந்தால், யாராவது அடிபட்டால் ஆகும் செலவு இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

எனவே அழகுக்கும் உயரத்துக்கும் கேட்கும் கூடுதல் விலையைக் கொடுக்காதீர்கள். ஏழு நாள் உங்கள் சாலையில், உங்கள் வண்டியில் ஓட்டிப்பார்க்க எழுத்தில் சம்மதிக்கிறவருக்குக் கூடுதலாகக் கொடுங்கள்.

எவ்வளவு சுமை ஏற்றலாம்?

எடைமேடை தேவையில்லை, அளவுநாடா போதும். முன்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவும், தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை நீளமும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் எடை கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 135 என்றால் சுமார் 256 கிலோ.

முதுகுச் சுமை சேணத்தோடு சேர்த்து உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. இந்த 256 கிலோ குதிரைக்கு 51 கிலோதான். சேணம் எட்டு கிலோ என்றால் ஏறுபவர் 43 கிலோ. 75 கிலோ ஆளுக்குச் சேணத்தோடு 415 கிலோ குதிரை வேண்டும். மலைச் சரிவில் ஒரு மட்டக்குதிரையின் மேல் அப்பாவையும் பிள்ளையையும் சேர்த்து ஏற்றுவது அதன் முதுகை முறிக்கிற வேலை.

வண்டிக்கு 1965-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் இருக்கின்றன. இருசக்கர வண்டியில் காற்றடைத்த டயர் இருந்தால் குதிரைக்கு 750 கிலோ, மட்டக்குதிரைக்கு 600 கிலோ. டயர் இல்லாவிட்டால் முறையே 500, 400. ஓட்டுபவரும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் போக நான்கு பேர்தான் ஏறலாம். ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. இவை உச்ச வரம்புகள். தினசரி வேலையை இவற்றில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொண்டால் குதிரை நிலைக்கும்.

வண்டியின் சமநிலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆட்கள் பின்னால் உட்கார்ந்தால் ஏர்க்கால் (குதிரையைப் பூட்டும் வண்டித் தண்டு) மேலே எழும்பி வயிற்றுவார் குதிரையை இறுக்கும். எல்லோரும் முன்னால் வந்தால் பாரம் முதுகில் இறங்கும். ‘கொஞ்சம் முன்னாடி தள்ளி உட்காருங்க’ என்று ஜட்காக்காரர் கிளம்புமுன் சொல்வது அதற்காகத்தான். ஆட்கள் ஏறிய பிறகு ஏர்க்கால் முனையைக் கையால் தூக்கிப் பாருங்கள். இரண்டு விரலால் லேசாக எழும்பினால் சரி.

தீனி என்ன, எவ்வளவு?

அடிப்படை நார்த்தீனி. காய்ந்த புல் கணக்கில் தினமும் உடல் எடையில் குறைந்தது நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. நடுத்தர வேலை செய்யும் 250 கிலோ குதிரைக்கு ஐந்து கிலோ காய்ந்த புல்லும் இரண்டு கிலோ அடர்தீனியும் ஒரு தொடக்க அளவு. அந்த இரண்டு கிலோவில் ஒரு கிலோ ஓட்ஸ் அல்லது உடைத்த பார்லி, அரைக்கிலோ வேகவைத்த கொள்ளு, அரைக்கிலோ கோதுமைத் தவிடு. கூடவே 30 முதல் 50 கிராம் உப்பு. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. அதை வைத்துக் கூட்டியும் குறைத்தும் கொள்ளுங்கள்.

அடர்தீனியை ஒரே வேளையில் கொட்டாதீர்கள். குதிரையின் இரைப்பை சிறியது, வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. ஒரு வேளைக்கு ஒரு கிலோ போதும். கொள்ளை 12 மணி நேரம் ஊறவைத்து வேகவைத்தே போடுங்கள். கொள்ளு குதிரைக்கு நல்லதுதான், ஆனால் கொள்ளையே முழுத்தீனியாக்குவது தவறு.

தமிழ்நாட்டில் அடிக்கடி நடக்கும் பிழை தவிட்டில் இருக்கிறது. தவிட்டில் கால்சியத்தைவிடப் பல மடங்கு பாஸ்பரஸ் உண்டு. அதோடு மாட்டுக்கு வளர்க்கும் நேப்பியர் புல்லும் வைக்கோலும் சேர்ந்தால், அவற்றிலுள்ள ஆக்சலேட் இருக்கிற கால்சியத்தையும் கட்டிவிடும். உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும். முகத்து எலும்பு இருபுறமும் வீங்கும், பல் ஆடும், இன்று ஒரு கால் நாளை ஒரு கால் என்று நொண்டும். மூட்டுவலி என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். அருகம்புல், குதிரைமசால் கிடைத்தால் விடாதீர்கள். தவிடு போடுகிறீர்கள் என்றால் தினமும் 30 கிராம் கால்சியம் கார்பனேட் தூள் கலந்துகொள்ளுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு அல்ல, அது வாயையும் குடலையும் வெந்துபோகச் செய்யும்.

கோழித்தீவனமும் சிலவகை மாட்டுத்தீவனமும் குதிரைக்கு விஷம். அவற்றில் கலக்கும் மோனென்சின் என்னும் மருந்து குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும். ஒரே வாளியில் கோழிக்கும் குதிரைக்கும் தீனி அள்ளக் கூடாது.

தண்ணீர் நம் வெயிலில் வேலை செய்யும் மட்டக்குதிரைக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 லிட்டர், அதாவது இரண்டு மூன்று பெரிய குடம். வேலை முடிந்து சூடாக இருக்கும்போது தண்ணீர் காட்டக் கூடாது என்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்து நிமிட இடைவெளியில் குடிக்க விடுங்கள். தண்ணீரை மறுப்பதுதான் ஆபத்து.

ஓய்வு நாளில் அடர்தீனியைப் பாதியாகக் குறையுங்கள். குறைக்காமல் மறுநாள் பூட்டினால் பின்தொடைத் தசை கல்லாக இறுகி, சிறுநீர் காபி நிறத்தில் போகும். அப்போது ஒரு அடிகூட நடத்தாமல் அதே இடத்தில் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

லாடம் எத்தனை நாளுக்கு ஒருமுறை?

தார்ச்சாலையில் நான்கு முதல் ஆறு வாரம். குளம்பு மாதத்துக்கு எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் வளரும். லாடம் தேயாவிட்டாலும் கழற்றிச் சீவி மறுபடி அடிக்க வேண்டும். விட்டுவிட்டால் முனை நீண்டு, காலின் பின்பக்கத் தசைநாணில் இழுவை கூடும்.

லாடத்துக்கு ஏற்பக் குளம்பைச் சீவக் கூடாது, குளம்புக்கு ஏற்ப லாடத்தை வளைக்க வேண்டும். கையில் ஒரே அளவு லாடம் வைத்துக்கொண்டு எல்லாக் குதிரைக்கும் அடிப்பவரிடம் போகாதீர்கள். அடித்த மறுநாள் நொண்டினால் ஆணி உயிர்ப்பகுதியைத் தொட்டிருக்கிறது. ஒவ்வொரு ஆணியையும் சுத்தியால் மெதுவாகத் தட்டி, எதற்குக் காலை இழுக்கிறதோ அதைப் பிடுங்கி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

தினமும் குளம்பைத் தூக்கி அடியைச் சுரண்டுங்கள். நடுவில் உள்ள முக்கோணப் பகுதி ரப்பர் மாதிரி இருக்க வேண்டும். கறுத்துக் குழைந்து நாறினால் லாயம் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். குளம்பு சூடாகி, முன்கால்களை முன்னே நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றால் அது குளம்புக்குள் அழற்சி. தானிய மூட்டையை அவிழ்த்துத் தின்ற குதிரைக்கு இது வரும். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

வெயில் காலத்தில் எப்படி ஓட்டுவது?

ஃபாரன்ஹீட் வெப்பத்தையும் காற்றின் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டுங்கள். 150-ஐத் தாண்டினால் வேலையைக் குறையுங்கள், 180-ஐ நெருங்கினால் நிறுத்துங்கள். சென்னையில் 100 டிகிரியும் 60 சதவீதமும் சேர்ந்தால் 160 ஆகிவிடுகிறது. சூடான குதிரை மேல் தண்ணீரை ஊற்றி, கையால் வழித்து, மறுபடி ஊற்றுங்கள். 

வறண்ட வடக்கிலிருந்து கடலோரத்துக்கு வந்த சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். மூச்சு வேகமாக வாங்கும், உடம்பு கொதிக்கும், தோல் மட்டும் உலர்ந்திருக்கும். வாங்கும்போதே ஓட்டத்துக்குப் பிறகு சேணத்துக்கு அடியிலும் தொடையிடுக்கிலும் வியர்வை இருக்கிறதா என்று தொட்டுப்பாருங்கள்.

இத்தனை நாள் நன்றாக இருந்த குதிரை திடீரென்று சண்டித்தனம் செய்கிறது. என்ன செய்வது?

சாட்டையைக் கீழே வையுங்கள். பழகிய குதிரை காரணமில்லாமல் சண்டியாகாது, பெரும்பாலும் எங்கோ வலிக்கிறது.

கிளம்ப மறுத்தால் மார்புப் பட்டையைப் பாருங்கள். அது தோள்முனைக்கு மேலேயும் தொண்டைக்குக் கீழேயும் இருக்க வேண்டும். மேலே ஏறினால் மூச்சுக்குழலை நெரிக்கும், கீழே இறங்கினால் தோளை அசைய விடாது. இழுக்கும் ஒவ்வொரு அடியும் தண்டனையாகிவிடும். தலையை உதறினால், ஒரு பக்கம் மட்டும் திரும்ப மறுத்தால், தீனியை மென்று உருண்டையாகத் துப்பினால் வாய். கடைவாய்ப்பல்லின் ஓரம் கத்தி மாதிரி கூராகிக் கன்னத்தைக் கிழித்திருக்கும், அதை மருத்துவர் அரத்தால் ராவிவிடுவார். வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்தாலே பாதிப் புகார் வராது. இறக்கத்தில் மட்டும் தயங்கினால் முன்குளம்பு அல்லது பின்புற வார். ஒரே பக்கத்திலிருந்து வருவதற்கு மட்டும் மிரண்டால் அந்தக் கண்.

இவை எல்லாம் சரியாக இருந்தால்தான் பழக்கத்தை யோசிக்க வேண்டும். ஒரு விபத்துக்குப் பிறகு மிரண்ட குதிரையை வெறும் கயிற்றில், நடையில், பழைய வழியில் இரண்டு மூன்று வாரம் நடத்தித் திரும்பக் கொண்டுவரலாம். வலியோடு இருக்கும் குதிரையை அடித்து ஓட்டினால், ஐந்தாறு வருடத்தில் உருவான நம்பிக்கையை ஒரு வாரத்தில் இழந்துவிடுவீர்கள். அதைத் திரும்ப வாங்க எந்தச் சந்தையிலும் முடியாது.

வயிற்றுவலி என்று எப்படித் தெரியும்?

தரையைக் காலால் கீறும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், படுத்துப் புரளும், தீனியைத் தொடாது. தீனியை எடுத்துவிடுங்கள். மருத்துவருக்குச் சொல்லுங்கள். புரள முயன்றால் மெதுவாக நடத்துங்கள். நாடி 60-க்கு மேல் இருந்தால், ஈறு வெளுத்தோ கருஞ்சிவப்பாகவோ மாறினால் உயிராபத்து. மூங்கில் குழாயில் எண்ணெய் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். மருத்துவர் மூக்குவழிக் குழாயில்தான் கொடுப்பார்.

கடற்கரைக் குதிரைகளுக்கு மணல்தான் எதிரி. ஒரு கைப்பிடி சாணத்தை வாளித் தண்ணீரில் கரைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அடியில் மணல் தங்கினால் தீனியைத் தரையில் போடுவதை இன்றே நிறுத்தி, தொட்டியில் போடுங்கள்.

என்னென்ன தடுப்பூசி, பரிசோதனை?

ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி கட்டாயம், எல்லாக் கால்நடைகளிலும் அதற்கு எளிதில் பலியாவது குதிரைதான். முதலில் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருடாவருடம். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் வருடாவருடம். வந்து வந்து போகும் காய்ச்சலோடு கால் வீங்கி இளைத்தால் சுர்ரா இருக்கலாம், பெரிய ஈக்கள் கடித்துப் பரப்பும் ரத்த ஒட்டுண்ணி அது. வடமாநிலத்திலிருந்து வரும் குதிரைக்குக் கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய் இல்லை என்ற பரிசோதனைச் சான்றைக் கேளுங்கள். மூக்கில் கெட்டியான சளி, உள்ளே புண், காலில் வரிசையாகக் கட்டி இருந்தால் கிட்டே போகாதீர்கள். மனிதருக்கும் தொற்றும், உறுதியானால் குதிரையைச் சட்டப்படி கொல்ல வேண்டியிருக்கும். பெரிய சிகிச்சைக்குச் சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளை அணுகலாம்.

நானே குட்டியிலிருந்து பழக்கலாமா?

பொறுமையும், வேறு வருமானமும் இருந்தால். இரண்டு வயது வரை தலைக்கயிறு, கால் தூக்குவது, நின்ற இடத்தில் நிற்பது மட்டும். மூன்றில் வார்களை மாட்டி, நீளக் கயிறு பிடித்துப் பின்னால் நடந்தபடி சாலையைக் காட்டுங்கள். பிறகு ஒரு பழைய டயரைக் கட்டி இழுக்கவிடுங்கள். பின்னால் ஏதோ சத்தத்தோடு தொடர்ந்து வருகிறது என்பதைப் பழகுவதுதான் பயிற்சியில் பாதி. நான்கில் வெற்று வண்டி, ஒரு தடவைக்கு இருபது நிமிடம். ஐந்துக்குப் பிறகுதான் முழுப் பாரம். ஒவ்வொரு நாளும் அது சரியாகச் செய்த கணத்தில் நிறுத்துங்கள், களைத்த பிறகு நிறுத்தாதீர்கள்.

எத்தனை வருடம் உழைக்கும்?

நன்றாக வைத்திருந்தால் 16, 18 வயது வரை முழு வேலை, அதன் பிறகும் சில வருடம் பாதி வேலை. ஆயுள் 25, 30 வரை போகும். 18-க்கு மேல் கடைவாய்ப்பல் தேய்ந்து புல்லை மெல்ல முடியாமல் இளைக்கும். அப்போது புல்லைப் பொடியாக நறுக்கி, அடர்தீனியை ஊறவைத்துக் கூழாக்கி, நாளுக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வேலையை ஒரேயடியாக நிறுத்தாமல் தினமும் அரைமணி நேரம் நடத்துங்கள், கட்டியே போட்டால் மூட்டு பிடித்துக்கொள்ளும். புதிதாகப் பழகும் குதிரையை அதன் பக்கத்தில் கட்டியும், சாலைக்கு அதன் பின்னால் நடத்தியும் கொண்டு போங்கள். கிழக்குதிரை மிரளாத இடத்தில் இளசும் மிரளாமல் போகும்.